இரண்டு கரண்டிச் சர்க்கரை

டீ குடித்துக்கொண்டே பேசலாம், உட்காருங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மலைப் பக்கமிருந்து காற்று இறங்கிவிட்டால் கம்பம் பக்கத்துக் கூடலூரில் திண்ணையை விட்டு எழுந்திருக்க யாருக்கும் மனசு வராது. பேசப்போகிற விஷயமும் அவசரப்படுத்தினால் புரியாத விஷயம்தான்.

என் அக்கா மகள் உணவியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஆர்.டி. தேர்வுக்குப் படிக்கிறாள். பதிவுபெற்ற டயட்டீஷியன் ஆவதற்கான தேர்வு. நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன். கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டுமென்று என்னைப் பிடித்துக்கொண்டாள். ஆறு மாதமாகப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் கேட்கிறேன், அவள் சொல்கிறாள். இதில் முக்கால்வாசி நாள் பாடம் படித்தது நான்தான்.

போன மாதம் பக்கத்துத் தோட்டக்காரர் வந்திருந்தார். திராட்சைப் பந்தல் போட்டு முப்பது வருஷம் பார்த்தவர், பத்து வருஷமாகச் சர்க்கரை மாத்திரை போடுகிறவர். "டயட்டீஷியனுக்கா படிக்கிற? அதுக்கு எதுக்குத்தா பரிட்சை? இதத் தின்னு, அதத் திங்காதன்னு சொல்றதுதான? எங்க அப்பத்தா சொல்லாததையா சொல்லப் போற?" என்று சிரித்தவர், சிரிப்பு அடங்கியதும் கேட்டார்: "சரி, சுகர்க்காரவுக திராட்சை திங்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லு."

"எவ்வளவு, பெரியப்பா? யாருக்கு, எந்த நேரத்துல?" என்றாள் இவள்.

அந்த நொடியே அவருக்கு இவள் படிப்பின் மேலிருந்த நம்பிக்கை போய்விட்டது. முகத்தில் தெரிந்தது. விவரம் தெரிந்த டாக்டர் பிள்ளையாக இருந்தால் 'கூடாது' என்று பட்டென்று சொல்லியிருக்கும் அல்லவா?

நாம் எல்லோரும் நின்று தடுமாறுகிற இடம் இதுதான். உணவுகளில் நல்லது, கெட்டது என்று இரண்டு கட்சி இருக்கிறது. டயட்டீஷியன் என்பவர் அந்தக் கட்சிப் பட்டியலை மனப்பாடம் செய்தவர் என்று நினைக்கிறோம். நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். சொல்லப்போனால், தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளில் பலபேர் அப்படி நினைத்துத்தான் கீரைக்கு எத்தனை இரும்பு, கேழ்வரகுக்கு எத்தனை கால்சியம் என்று நோட்டு நிறைய எழுதி உருப்போடுகிறார்கள். அப்புறம் கேள்வித்தாளைப் பார்த்துத் திகைத்துப் போகிறார்கள். ஏன் திகைக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு படியாக இறங்கிப் பார்க்கலாம்.

முதலில் தேர்வு என்னவென்று சொல்லிவிடுகிறேன். இந்திய உணவியல் சங்கம் என்ற அமைப்பு இதை நடத்துகிறது. உணவியலில் முதுநிலைப் படிப்போ முதுநிலைப் பட்டயமோ வேண்டும்; மருத்துவமனையில் நோயாளிகளோடு சில மாதம் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விகள். உடலியங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உணவு அறிவியல், நோய்க்கேற்ற உணவு, சமூக ஊட்டச்சத்து, பெரிய சமையற்கூட நிர்வாகம் என்று எல்லாப் பக்கமிருந்தும் வரும். விதிமுறைகள் அவ்வப்போது மாறுவதால், யாரோ சொன்னதை நம்பாமல் அந்த வருஷத்து அறிவிப்பைப் படிப்பதுதான் நல்லது. இது போக, 2021-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. டாக்டர், நர்ஸ் தவிர மருத்துவத் துறையில் வேலை செய்கிற பலவகைப் படிப்பாளிகளை முறைப்படுத்தும் தேசிய ஆணையச் சட்டம் அது. ஊட்டச்சத்துத் துறையினரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். சங்கம் கொடுக்கிற அங்கீகாரம் ஒன்று, சட்டம் கேட்கிற பதிவு இன்னொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது உங்கள் கையில் இருக்கிற டம்ளருக்கு வருவோம். அதில் இரண்டு கரண்டி சர்க்கரை. டீக்கரண்டி ஒன்றுக்கு 5 கிராம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. சர்க்கரை முழுக்க மாவுச்சத்து வகை. மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி. ஆக 10 கிராமுக்கு 40. கலோரி என்றால் என்ன? ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்குகிற வெப்பம். கறாராகச் சொன்னால் அதைக் கிலோ கலோரி என்று சொல்ல வேண்டும், பேச்சில் கிலோவை விழுங்கிவிடுகிறோம். உங்கள் டம்ளரில் இருக்கிற சர்க்கரையின் சூட்டை அப்படியே வெளியே எடுக்க முடிந்தால், குடத்துத் தண்ணீர் ஒரு லிட்டரைக் கையை வைக்க முடியாத அளவுக்குக் காய்ச்சிவிடலாம். இரண்டு கரண்டிக்குள் அத்தனை விறகு.

புரதத்துக்கும் 4, கொழுப்புக்கு 9. அட்வாட்டர் என்ற அமெரிக்கர் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் உணவை எரித்துப் பார்த்து, உடம்பு பயன்படுத்தாமல் வெளியேற்றுவதைக் கழித்து எடுத்த கணக்கு இது. 4, 4, 9 என்ற மூன்று எண்களை வைத்துக்கொண்டு பாதி உணவியலைக் கட்டிவிடலாம் என்று அக்கா மகள் சொல்வாள். மிகைதான். ஆனாலும் மனப்பாடம் செய்தே தீரவேண்டிய எண்கள் எவ்வளவு கொஞ்சம் என்பதைப் பாருங்கள்.

மற்ற எண்களெல்லாம் எங்கிருந்து வந்தன? இதில் நம் தமிழ்நாட்டுப் பெருமை கொஞ்சம் இருக்கிறது. 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஒரு அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய உட்கார்ந்தார். கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் ஓய்ந்துபோகிற நோய் அது. 1923-ல் பணமில்லை என்று அந்த ஆராய்ச்சியை மூடினார்கள், 1925-ல் மறுபடி திறந்தார்கள். அந்த அறைதான் வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. நீலகிரியில் முளைத்த நாற்றை ஐதராபாத்தில் நட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்துச் சென்னை மாகாணத்தில் ஒரு புதிர் இருந்தது. ஆலையில் தீட்டிய பச்சரிசியே கதியென்று இருந்த ஆந்திரக் கடலோரத்தில் பெரிபெரி அதிகம். புழுங்கலரிசி சாப்பிட்டவர்களிடம் அது அவ்வளவாக இல்லை. இரண்டும் அரிசிதானே? நெல்லைப் புழுக்கும்போது உமிக்கு அடியில் தவிட்டில் இருக்கிற தயமின் என்ற வைட்டமின், தண்ணீரோடு சேர்ந்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. துணிக்குச் சாயம் ஏற்றுவது மாதிரி. 'அரிசி நல்லதா கெட்டதா' என்று கேட்டிருந்தால் இந்தப் புதிர் அவிழ்ந்தே இருக்காது. எந்த அரிசி, எப்படிப் பக்குவம் செய்தது, கூட வேறு என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டதால் அவிழ்ந்தது.

குன்னூரில் மெக்காரிசனுக்குப் பின் வந்த அய்க்ராய்டு 1937-ல் இந்திய உணவுகளின் சத்துக் கணக்கை ஒரு சிறு வெளியீடாகக் கொண்டுவந்தார். சேலத்தில் பிறந்த கோபாலனும் அவருடன் இருந்தவர்களும் 1971-ல் அதைப் பெரிய நூலாக்கினார்கள். 2017-ல் வந்த புதிய அட்டவணையில் 528 உணவுகள் இருக்கின்றன. தேர்வுக்குப் படிக்கிறவர்கள் 528-ஐயும் உருப்போட வேண்டியதில்லை. அட்டவணையை எப்படிப் படிப்பது என்று தெரிந்தால் போதும். அதில்தான் முதல் குழி இருக்கிறது.

அட்டவணையில் அரிசி 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 கலோரி என்று போட்டிருக்கும். நம் தட்டில் 100 கிராம் சோறு விழுகிறது, நாமும் 350 என்று எழுதிவிடுகிறோம். தப்பு. அட்டவணை சொல்வது அடுப்பில் வைக்காத அரிசிக்கு. 100 கிராம் அரிசி உலையில் தண்ணீர் குடித்து 250, 300 கிராம் சோறாகிவிடும். 100 கிராம் சோற்றுக்கு 120, 130 கலோரிதான் வரும். அரிசியா சோறா என்று கேட்காமல் கணக்குப் போட்டால் நோயாளி சாப்பிட்டதைப் போல மூன்று பங்கு எழுதிவிடுவோம். முதல் வாரம் நானும் எழுதினேன்.

அடுத்த குழி இன்னும் ஆழமானது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு சத்து வேண்டும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் இதற்கு எண்கள் வெளியிட்டன. அதில் இரண்டு வகை எண் இருக்கும். சராசரித் தேவை ஒன்று, பரிந்துரைக்கும் அளவு ஒன்று. புரதத்துக்குச் சராசரித் தேவை உடல் எடையில் கிலோவுக்கு 0.66 கிராம், பரிந்துரை 0.83 கிராம். ஏன் இரண்டு?

வீடு கட்டும்போது வாசல் நிலை வைக்கிறோம். ஊர்க்காரர்களின் சராசரி உயரத்தை அளந்து அதே உயரத்துக்கு நிலை வைத்தால் என்ன ஆகும்? ஊரில் பாதிப்பேர் நெற்றியில் இடித்துக்கொள்வார்கள். அதனால் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் குனியாமல் போகிற உயரத்தில் வைக்கிறோம். சராசரித் தேவை என்பது சராசரி ஆளின் உயரம். பரிந்துரை என்பது வாசல் நிலை. நிலையை விட நான் குட்டையாக இருப்பதால் எனக்கு ஏதும் குறை என்று அர்த்தமில்லை. அதே மாதிரி பரிந்துரையைவிடக் கொஞ்சம் குறைவாகச் சாப்பிடுகிற ஒருவரைச் 'சத்துக் குறைவு' என்று சொல்லிவிட முடியாது. எண் ஊருக்கானது. எதிரே உட்கார்ந்திருக்கிறவர் ஓர் ஆள்.

இதில் கலோரிக்கு மட்டும் தனி நியாயம். வாசல் நிலை மாதிரி உயரமாக வைத்தால், ஏறக்குறைய எல்லோருமே தேவைக்கு மேல் தின்று குண்டாகிவிடுவார்கள். அதனால் கலோரிக்குச் சராசரி மட்டுமே, பரிந்துரை கிடையாது. தேர்வுக்குப் பிடித்த கேள்வி இது. 55 கிலோ எடையுள்ள பெண், உட்கார்ந்த வேலை என்றால் 1,660. நடுத்தர உழைப்பு என்றால் 2,130. கடும் உழைப்பு என்றால் 2,720. நம் ஊரில் விடியுமுன் ஜீப் ஏறிக் குமுளி தாண்டி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்ணையும், பஸ் நிலையத்துக் கடையில் நாளெல்லாம் நாற்காலியில் இருக்கிற அவள் தங்கையையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே உயரம், ஒரே எடை, ஒரே சட்டிக் குழம்பு. அக்காவின் வேலையை நடுத்தர உழைப்பு என்று வைத்தாலும் வித்தியாசம் 470 கலோரி. அரிசியாக அளந்தால் கிட்டத்தட்ட 130 கிராம். தங்கை அக்கா அளவுக்குச் சாப்பிட்டாலும், அக்கா தங்கை அளவுக்குச் சாப்பிட்டாலும், கொஞ்ச காலத்தில் இருவருமே ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவார்கள்.

சரி, பெரியப்பாவின் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை. அதைக் குறை சொன்னால் இந்தப் பள்ளத்தாக்கில் வாழ முடியாது. ரகத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும் என்றாலும், 100 கிராம் திராட்சையில் ஏறத்தாழ 15 கிராம் மாவுச்சத்து என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று கரண்டிச் சர்க்கரை. தோலும் நாரும் தண்ணீரும் கூட இருப்பதால் டீயில் கரைத்த சர்க்கரை அளவு வேகமாக ரத்தத்தில் ஏறாது, ஆனால் ஏறும். கூடையை மடியில் வைத்துக்கொண்டு அரைக் கிலோ தின்றால் 75 கிராம். மத்தியானச் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, ஒரு கைப்பிடி திராட்சையை எண்ணிச் சாப்பிட்டால் கணக்கு அடங்கிவிடும். டயட்டீஷியன்கள் இதற்குப் பரிமாற்றம் என்று சொல்கிறார்கள். நூறு ரூபாய் நோட்டுக்குச் சில்லறை மாற்றுவது மாதிரி, ஒரு பங்கு சோற்றைக் கொடுத்து ஒரு பங்கு பழத்தை வாங்கிக்கொள்வது. பையில் இருக்கிற பணம் கூடுவதில்லை.

இதே பெரியப்பா மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் பந்தலுக்குள் கவாத்து வெட்டப் போனார் என்று வையுங்கள். கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, கண் மங்குகிறது. ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போய்விட்டது. இப்போது பாடம் என்ன சொல்கிறது? வேகமாக ஏறுகிற மாவுச்சத்து 15 கிராம் கொடு. 15 நிமிஷம் பொறுத்து மறுபடி அளந்து பார். மூன்று கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம், அரை டம்ளர் திராட்சைச் சாறு கொடுக்கலாம். சற்று முன்னால் நாம் எண்ணி எண்ணிக் கணக்குப் பார்த்த அதே 15 கிராம், இப்போது மருந்து. 'சுகர்க்காரர் திராட்சை தின்னக் கூடாது' என்று ஒரே வார்த்தையில் உருப்போட்டவர் இந்தக் கேள்வியில் பெரியப்பாவைக் கைவிட்டுவிடுவார்.

எனக்கு இன்னும் பிடித்த உதாரணம் காய் வேகவைத்த தண்ணீர். அதைக் கொட்டக் கூடாது, சத்தெல்லாம் அதில் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் நானே முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். உண்மைதான். தண்ணீரில் கரைகிற வைட்டமினும் பொட்டாசியமும் அதில் இறங்கிவிடும். ஆனால் சிறுநீரகம் பழுதாகி, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக்கொண்டிருக்கிற ஒருவருக்குச் சொல்லும் யோசனை நேர் எதிர். காயைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துக் கொட்டிவிட்டுச் சமை. இரண்டு அறிவுரைக்கும் அடியில் இருப்பது ஒரே உண்மை. சத்து தண்ணீருக்குப் போகிறது. நமக்கு அது நஷ்டம், அவருக்கு அது நிம்மதி. ரத்தத்தில் பொட்டாசியம் மட்டுமீறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

சிறுநீரகப் பாடத்தில் இன்னொரு திருப்பம். டயாலிசிஸ் தொடங்காத நோயாளிக்குப் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள். பழுதான சிறுநீரகத்துக்குக் கழிவு குறையட்டும் என்று. டயாலிசிஸ் தொடங்கிய அன்றே விதி தலைகீழாகிறது. இயந்திரம் ரத்தத்தைக் கழுவும்போது கழிவோடு சேர்ந்து நல்ல சத்தும் போய்விடுவதால், புரதம் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம்வரை வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 72 கிராம். ஊரில் என்ன நடக்கிறது? டயாலிசிஸ் போகிறவருக்கு வீட்டார் முட்டையையும் பருப்பையும் பாசத்தோடு மறைத்து வைக்கிறார்கள், 'கிட்னிக்காரவுகளுக்கு ஆகாது' என்று. பழைய விதி, ஆனால் ஆள் வேறு கட்டத்துக்குப் போய்விட்டார்.

இடையில் ஒரு சின்னச் சங்கதி. பாடத்தில் 'கிரேப்ஃப்ரூட்' சில மருந்துகளோடு சேரக் கூடாது என்று வரும். கொழுப்பைக் குறைக்கிற சில மாத்திரைகளை உடம்பு கரைக்கும் வேகத்தை அது தடுத்து, ரத்தத்தில் மருந்தின் அளவைக் கூட்டிவிடும். இதைப் படித்த அன்று நான் பதறிப்போய்ப் பக்கத்துத் தோட்டத்தையே பார்த்தேன். அக்கா மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அது திராட்சையே இல்லையாம், நம் பம்ப்ளிமாஸுக்குச் சொந்தக்காரப் பழமாம். மரத்தில் கொத்தாகக் காய்ப்பதால் அந்தப் பெயர் வந்தது என்கிறார்கள். பெயரில் மட்டும் திராட்சை.

இவ்வளவு நிலைமைகளையும் எப்படி நினைவில் வைப்பது என்று நீங்கள் கேட்பது நியாயம். வைக்க வேண்டாம். நிலைமையைப் படிக்கும் முறை ஒன்றை வைத்துக்கொண்டால் போதும். பந்தல் போட்டவருக்கு அது தெரியும். இலையில் வெள்ளைப் பொடி தெரிந்தால் உடனே மருந்தடிப்பதில்லை. இலையைத் திருப்பிப் பார்க்கிறார். மேலா, அடியிலா என்று பார்த்துச் சாம்பல் நோயா, அடிச்சாம்பல் நோயா என்று பெயர் வைக்கிறார். அதற்கேற்ற மருந்து, பிறகு நாலு நாள் கழித்து மறுபடி வந்து பார்க்கிறார். டயட்டீஷியன்கள் படிக்கிற நான்கு படிகளும் இவைதான். அளந்து பார், பெயர் வை, செய், திரும்பிப் பார். இரண்டாவது படியில் 'இந்தக் குறை, இந்தக் காரணத்தால், இந்த அடையாளத்தால் தெரிகிறது' என்று ஒரே வாக்கியமாக எழுதப் பழக்குகிறார்கள். 'நோயாளி சரியாகச் சாப்பிடவில்லை' என்று எழுதினால் செல்லாது. 'பல் இல்லாததால் மெல்ல முடியாமல் சாப்பாடு குறைந்திருக்கிறது. மூன்று மாதத்தில் ஐந்து கிலோ இறங்கியது அதைக் காட்டுகிறது' என்று எழுதினால், அடுத்து என்ன செய்வது என்பது தானே தெரிந்துவிடும். சத்துமாவு டப்பா வாங்குவதற்கு முன்னால் சோற்றைக் குழைய வடிக்க வேண்டும்.

தேர்வில் பிள்ளைகள் அலட்சியமாக விடுகிற பகுதி பெரிய சமையல். மருத்துவமனைச் சமையற்கூடம், விடுதி, சத்துணவு மையம். நூறு பேருக்கு எவ்வளவு அரிசி, எந்த மூட்டையை முதலில் பிரிப்பது, சமைத்த சாம்பாரை எவ்வளவு நேரம் எந்தச் சூட்டில் வைக்கலாம் என்கிற கேள்விகள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமி குஷியாகப் பெருகும். அதனால் சூடாக இருப்பது சூடாகவே இருக்கட்டும், குளிர்ந்தது குளிர்ந்தே இருக்கட்டும். முதலில் வந்த சரக்கு முதலில் போக வேண்டும். நம் மளிகைக் கடைக்காரர் பழைய பாக்கெட்டை முன்னால் தள்ளி வைப்பதும் இதே விதிதான். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து தமிழ்நாட்டில் ஒவ்வொரு ஊரிலும் இந்தப் பாடத்துக்கு ஒரு செயல்முறை வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. அக்கா மகள் இந்தப் பகுதியைப் புத்தகத்தில் படித்ததைவிட, ஒரு கல்யாணச் சமையல் மாஸ்டரிடம் பேசிக் கற்றது அதிகம். அவருக்கு ஒரு கிராம் கணக்கும் தெரியாது. ஐந்நூறு பேர் பந்தியில் ஒரு கரண்டி சாம்பார் மிஞ்சாது.

அவள் படிக்கிற விதத்தையும் சொல்ல வேண்டும். ஸ்ரீலட்சுமி எழுதிய உணவியல் புத்தகம் மடியில் இருக்கும், ஆனால் படிப்பு கேள்வியிலிருந்துதான் தொடங்கும். சரியான விடையைச் சொன்னால் நான் மதிப்பெண் போடமாட்டேன். மற்ற மூன்றும் ஏன் தப்பு என்று சொல்ல வேண்டும். போன வாரம் ஒரு கேள்வி: பத்து நாளாக ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாமல் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தவருக்கு முதல் நாள் எவ்வளவு உணவு? மனசு இருக்கிற யாருக்கும் 'நிறையக் கொடு' என்றுதான் கை போகும். எனக்கும் போனது. அப்படிக் கொடுத்தால் ஆள் செத்தே போகலாம். பட்டினியில் அடங்கிக் கிடந்த உடம்பில் திடீரென்று மாவுச்சத்து வந்து விழுந்தால் இன்சுலின் பொங்குகிறது. ரத்தத்தில் இருந்த பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்லுக்குள் பாய்ந்து, ரத்தத்தில் அவற்றின் அளவு வற்றிப்போகிறது. இதயம் திணறுகிறது. காய்ந்த வாய்க்காலில் மதகை ஒரேயடியாகத் திறந்தால் கரை உடையும் என்பது முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விவசாயம் பார்க்கிற நமக்குத் தெரியாததா? கொஞ்சமாகத் திறந்து, ரத்தத்தைச் சோதித்துச் சோதித்து, சில நாளில் கூட்ட வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு வைட்டமினும் கொடுப்பார்கள். எது என்று கேட்டேன். "தயமின், மாமா. குன்னூர்ல மெக்காரிசன் தேடின அதே ஆளு" என்றாள்.

இரண்டாவது பழக்கம், வீட்டையே ஆய்வுக்கூடமாக்கியது. ஆங்கிலத்தில் படித்ததை அன்று ராத்திரியே அவள் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிப் பார்ப்பாள். அக்காவுக்குப் புரியாவிட்டால் மறுநாள் அந்தப் பாடம் மறுபடி. மூன்றாவது, தராசு. இரண்டு மாதத்துக்கு முன்னால் சமையலறைத் தராசு ஒன்று வாங்கினாள். இட்லி, தோசை, எங்கள் வீட்டுச் சோற்றுக் கரண்டி, குழம்புக் கரண்டி எல்லாம் அதில் ஏறி இறங்கின. புத்தகம் சொல்லும் 'ஒரு இட்லி'யும் என் மனைவி ஊற்றும் இட்லியும் ஒரே எடை இல்லை என்று தெரிந்த அன்று, அவளுக்கும் என் மனைவிக்கும் நடுவில் சின்ன மனத்தாங்கல்கூட வந்தது.

நேற்று என் டீ முறை. என் ஒரு நாள் சாப்பாட்டைப் பயிற்சிக்காக நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். டீ மூன்று வேளை, வேளைக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரை, 40 கலோரி என்று நான்தான் சொன்னேன். உங்களுக்குச் சொன்ன அதே கணக்கு. அவள் பேனாவை மூடிவிட்டு உள்ளே போனாள். என் மனைவி வழக்கமாகச் சர்க்கரை அள்ளுகிற கரண்டியை எடுத்துவந்து, "எப்பவும் போடுற மாதிரியே போடுங்க அத்த" என்று தராசை நீட்டினாள். குவியலாக ஒரு கரண்டி. 9 கிராம்.

40 என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு 72 என்று எழுதினாள். பக்கத்தில் 'பெருக்கல் 3' என்று போட்டாள்.